மூணாவது வரிசைக்குக் கெடச்ச கப்பு

இங்கன வந்து உக்காருங்க அண்ணாச்சி, அந்த பெஞ்சு ஆடும். நான் காலையிலயே உக்காந்து பாத்துட்டேன். ஒங்க பிள்ளையும் இன்டர்வியூவுக்குத்தானே வந்திருக்கு? சொல்லாண்டாம், மூஞ்சியிலயே தெரியுது. உள்ள போற பிள்ளைகளை விட வெளிய உக்காந்திருக்க நமக்குத்தான் பரீட்சை. இந்தாங்க, தண்ணி குடிங்க. தலையை ஆட்டாதிய, ஒதடு காஞ்சு கெடக்கு. குடிங்க.

எம் மக உள்ளதான் இருக்கா. இப்பம்தான் கூப்பிட்டாவ. முத்தரசின்னு பேரு. பி.காம் கடைசி வருசம், பாளையங்கோட்டையில. பைபாஸ்ல புதுசா ஒரு பெரிய ஆஸ்பத்திரி தொறக்கப் போறாவல்லா, அதுக்குத்தானே ஆள் எடுக்காவ. முன் மேசையில உக்காந்துக்கிட்டு, வாறவுகளுக்கு எந்த டாக்டரு, எந்த மாடி, என்ன செய்யணும்னு பேசி அனுப்புத வேலை. நல்லா கேட்டுக்கோங்க, பேசுத வேலை. எம் மகளுக்கு. போன வருசம் யாராவது எங்கிட்ட இதைச் சொல்லியிருந்தா, ஒனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்குன்னு கேட்டிருப்பேன்.

வாயில்லாப் பூச்சி அண்ணாச்சி அவ. நம்ம வீட்டுல எப்படி இப்படி ஒண்ணு வந்து பொறந்துச்சுன்னே தெரியல. டவுன்ல ரத வீதி தாண்டி பாத்திரக்கடை வச்சிருக்கோம், செல்வவடிவு பாத்திரக்கடை. செல்வவடிவு நாந்தான். கல்லாவுல நான் இருப்பேன். எங்க வீட்டுக்காரவ பின்னாடி உக்காந்து பேரு வெட்டுவாவ. கல்யாணம், பால்காய்ப்புன்னு குடம், குத்துவிளக்கு வாங்குதவுக பேரு போட்டுத்தானே குடுப்பாவ, அந்த வேலை. அந்த மிசினு சத்தத்துல அவுகளுக்கு நான் பேசுதது எதுவும் காதுல விழாது. சில நேரம் மிசினு ஓடாதப்பவும் விழாது. அவுகளை மாதிரியே பிள்ளையும்னு வச்சுக்கோங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். நாலு வயசு வரைக்கும் அவளுக்கு ஒரு வார்த்தை வரல. அம்மான்னு கூட வரல. கையைக் காட்டுவா, சேலையப் பிடிச்சு இழுப்பா, அவ்வளவுதான். மதுரைக்குத் தூக்கிட்டுப் போயிக் காட்டுனோம். நம்ம கடை வெங்கல மணியைக் கொண்டு போயி எத்தனை கோயில்ல கட்டியிருப்பேன்னு கணக்கே இல்ல. ஒரு கல்யாண வீட்டுக்குப் போனா, எவளாவது ஒருத்தி குனிஞ்சு பிள்ளை தாடையைப் பிடிச்சு, ஒம் பேரென்ன தாயின்னு கேப்பா. பிள்ளை முழிக்கும். ஒடனே பக்கத்துல இருக்கவ, இது பேசாதோன்னு கேப்பா. எனக்கு ஈரக்கொலை பத்தி எரியும். அதனால அவ கேட்டு முடிக்க முன்னாடியே நான் ஆரம்பிச்சிருவேன். பேரு முத்தரசி, பால்வாடிக்குப் போறா, தயிர்ச்சோறுன்னா உசுரு, கூட்டத்தைப் பாத்து வெக்கப்படுதா. அடுத்த கேள்வி கேக்க ஒருத்திக்கும் எடம் வைக்க மாட்டேன்.

பொறவு பேச்சு வந்துச்சு. அஞ்சு வயசுல நல்லாவே வந்துச்சு, சாமி புண்ணியம். ஆனா வந்த பேச்சு பழகணும்லா? அது பழகுத வரைக்கும் நாந்தான் பேசிக்கிட்டிருந்தேன். என்ன கொடுமை பாருங்க, அது பழகவே இல்ல. பள்ளிக்கூடத்துல டீச்சரு கேட்டா நான் சொல்லுவேன். தையக்காரன் கை எவ்வளவு நீளம் வைக்கன்னு கேட்டா நான் சொல்லுவேன். எதுக்க இருக்க பால் கடைக்காரரு ஒனக்கு என்ன பாப்பா வேணும்பாரு, அவளுக்கு பாதாம்பாலு போடுங்கன்னு நான் சொல்லுவேன். ஒரு ஆளு எத்தனை பேருக்குத்தான் பேச முடியும் சொல்லுங்க. எனக்கும் வாய் வலிக்கும்லா.

எட்டாங்கிளாஸ் படிக்கும்போது ஒரு நாளு சுருண்டு படுத்துக் கெடக்கா. டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போனேன். எந்த எடத்துல வலிக்குன்னு அவரு அவளைப் பாத்துக் கேக்காரு. வயித்துல டாக்டர், நேத்து புரோட்டாவ வாரித் தின்னான்னு நான் சொன்னேன். அவரும் வயித்தை அமுக்கிப் பாத்து மருந்து குடுத்தாரு. மருந்து தீந்தும் கேக்கல. பாத்தா, கன்னம் இந்தா இப்படி வீங்கி நிக்கு. கடவாப் பல்லு. ஏட்டி, வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்லான்னு கேட்டேன். அதுக்கும் பேசாம நிக்கா. சரி, வாயைத் தொறந்தா வலிச்சிருக்கும், பாவம்னு நானே சொல்லிக்கிட்டேன்.

இந்த இன்டர்வியூ எளவும் அப்படித்தான். போன வருசம் கம்ப்யூட்டர்ல மூஞ்சியப் பாத்துக் கேள்வி கேக்குத இன்டர்வியூ ஒண்ணு வந்துச்சு. வீட்டுல இருந்தே பேசலாம். நான் பீரோவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன், ஒரு தைரியத்துக்கு. அந்த ஆளு கேக்காரு, ஒங்ககிட்ட இருக்க நல்ல கொணம் ஒண்ணு சொல்லுங்கன்னு. இவ வாயைத் தொறக்கல. நான் பைய, பொறுமைன்னு சொல்லுட்டின்னேன். கெட்ட கொணம் என்னன்னு கேக்காரு. ஒண்ணும் கெடையாதுன்னு சொல்லுட்டின்னேன். அவரு, பீரோவுல யாரும்மா இருக்காங்கன்னு கேட்டுட்டு லைனைக் கட் பண்ணிட்டாரு. நான் மட்டும் அங்கன நிக்கலன்னா அவ ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டா. நன்றி இல்லாத உலகம்.

அப்பம்தான் ஜெபமலர் மிஸ்ஸு நம்ம கடைக்கு வந்தாவ. அவ காலேஜ்ல தமிழ் எடுக்காவ, நாடகமும் அவுக பொறுப்பு. வருசா வருசம் அங்க நாடக விழா நடக்கும், வெளிய இருந்தெல்லாம் காலேஜ் பிள்ளைக வரும். ஒரு அண்டாவும் நாலு குடமும் வாடகைக்கு வேணும், பழசா இருந்தா ரொம்ப நல்லதுன்னாவ. எனக்கு எப்பமும் ஒரு பழக்கம், எதுன்னாலும் கேட்டுருவேன். ஏன் மிஸ், இந்த நாடகத்துல சேந்தா பிள்ளைகளுக்கு என்ன லாபம், மார்க்கு கீர்க்கு போடுவியளான்னேன். மார்க்கு கெடையாதும்மா, நாலு பேரு முன்னாடி நிக்க வரும், தொண்டையில இருந்து குரல் வரும், நம்மளை மாதிரி இல்லாதவங்களோட சேந்து ஒரு வேலையை முடிக்கத் தெரியும்னாவ. சர்டிபிகேட்டுன்னேன். அது குடுப்போம்னு சிரிச்சாவ.

பொறவு இவ பக்கம் திரும்பி, நீ வாறியாம்மான்னு கேட்டாவ. இவ தரையைப் பாக்கா. வருவா மிஸ்ஸுன்னு நாந்தான் சொன்னேன். நடிக்கதுக்கு இல்ல அண்ணாச்சி, குடத்துக்குக் காவலுக்கு. காலேஜ் பிள்ளைக கையில பித்தளையைக் குடுத்தா ஒடுங்காம வருமா? ஆனா ஒண்ணு பாருங்க, அன்னைக்கி நான் வருவான்னு சொல்லலன்னா இன்னைக்கி இந்த பெஞ்சு ஏது, இந்த இன்டர்வியூ ஏது? எல்லாத்துக்கும் வித்து நாந்தான். மிஸ்ஸு இதை மேடையில சொல்லவே இல்ல, அது வேற விசயம்.

ஒரு வாரம் கழிச்சு, குடம் எப்படி இருக்குன்னு பாக்கப் போனேன். காம்பவுண்டு சுவருக்கு வெளிய நின்னு எட்டிப் பாத்தேன். ஒரு பிள்ளை தரையில கெடந்து உருளுதா. ஒருத்தி மாடு மாதிரி கத்துதா. நாலு பேரு கையக் கோத்து நின்னு ஆ, ஊ, ஏன்னு வானத்தைப் பாத்து ஊளையிடுதாளுவ. ஃபீஸைக் கட்டி அனுப்புனா இதைத்தான் சொல்லிக் குடுக்காவளான்னு ஆயிருச்சு. குடம் பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கு. எம் மகளைக் காணோம். தேடிப் பாத்தா மைதானத்துக்கு அந்தக் கடைசியில நிக்கா. இந்தக் கடைசியில மிஸ்ஸு. அவ தன் பேரைச் சொல்லணும், அது இவுக காதுல விழணும், அதான் பயிற்சி.

என் பேரு முத்தரசிங்கா. மிஸ்ஸு காதுல கைய வச்சுக்கிட்டு, கேக்கல, கேக்கலங்காவ. இன்னொரு தடவை சொல்லுதா. கேக்கல. எனக்கு நல்லா கேட்டுச்சு அண்ணாச்சி, அங்கன நின்னே கேட்டுச்சு. பிள்ளை எத்தனை தடவைதான் சொல்லுவா? நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு, முத்தரசின்னு சொல்லுதா மிஸ்ஸுன்னு ஒரு சத்தம் போட்டேன். மாடு மாதிரி கத்திக்கிட்டிருந்த பிள்ளை கூட வாயை மூடிட்டு. மிஸ்ஸு என்கிட்ட வந்து ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, இனிமே ஒத்திகைக்கு வராதீங்கம்மா, நாடகத்தன்னைக்கி வந்தா போதும்னு சொல்லிட்டாவ. ஒத்தாசை செய்யப் போனா இதுதான் கெதி.

அந்த ஒரு மாசமும் வீடு வீடா இல்ல. காவலுக்குப் போனவளுக்கு வேஷம் குடுத்துட்டாவ, அதுவும் பெரிய வேஷம். சாயங்காலம் ஆனா கடைக்கு மேல மாடியில ஏறிக்கிடுதா. கூட ரெண்டு பிள்ளைக, ஒண்ணு ஏர்வாடிப் பிள்ளை, ஒண்ணு உவரிப் பிள்ளை. மூணும் ஒரே தட்டுல தின்னுக்கிட்டு, சண்டை போட்டுக்கிட்டு, திரும்பவும் மொதல்ல இருந்து ஆரம்பிக்காளுவ. நான் எங்க வீட்டுக்காரவகிட்ட போயி, இது எங்க போயி முடியுமோ, நீங்களாவது ஒரு வார்த்தை கேளுங்கன்னேன். அவுக மிசினை நிறுத்திட்டு மச்சைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காவ. கையில பாதி வெட்டுன குடம். என்னத்தப் பாக்கியன்னேன். பிள்ளை சத்தம் கேக்குன்னாவ. அதுக்கு என்னன்னேன். இங்க வரைக்கும் கேக்குல்லான்னு திரும்பவும் சொன்னாவ. அவுக கண்ணு கலங்கியிருந்துச்சு. பித்தளைத் தூசு விழுந்திருக்கும்.

நாடகத்தன்னைக்கி கடையை அடைச்சிட்டோம். தீபாவளிக்குக் கூட மத்தியானம் தொறக்குத கடை. நானும் அவுகளும் முன்னாடியே போயி மூணாவது வரிசையில எடம் பிடிச்சாச்சு. மண்டபம் நெறைஞ்சு வாசல் வரைக்கும் பிள்ளைக. வேற காலேஜ் நாடகம் ரெண்டு முடிஞ்ச பொறவு நம்ம பிள்ளைக ஏறுனாவ.

கதை என்னன்னா, ஒரு தெருவுல தண்ணி வரல. பொம்பளையெல்லாம் குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையுதாவ. நம்ம குடம்தான், நல்லா பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. அதுல ஒருத்தி மட்டும் பேசவே மாட்டா. மாமியா திட்டுவா, புருசன் திட்டுவான், தண்ணி வண்டிக்காரன் வெரட்டுவான், எதுக்கும் பேச மாட்டா. அதான் முத்தரசி. எனக்கு நிம்மதி ஆயிருச்சு. பேசாத வேஷம்னா எம் மகளை அடிச்சுக்க ஆளு கெடையாதேன்னு அவுககிட்ட சொன்னேன். பின் வரிசையில உஸ்ஸுன்னாவ.

கடைசியில மனு நாளு. கலெக்டரு உக்காந்திருக்காரு, மீசை ஒட்டுன ஏர்வாடிப் பிள்ளைதான். ஆளாளுக்குக் கத்துதாவ, அவருக்கு ஒண்ணும் புரியல. அப்பம் ஓரமா நிக்குத முத்தரசியப் பாத்து, இங்க வாம்மா, உனக்கு என்ன வேணும்னு கேக்காரு. எல்லா விளக்கையும் அணைச்சு அவ மேல மட்டும் போட்டுட்டாவ. இவ முன்னாடி வந்தா. நின்னா. வாயைத் தொறக்கல.

நான் காத்திருந்தேன் அண்ணாச்சி. சத்தியமா காத்திருந்தேன். அவ குடத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கா, கலெக்டரு பாக்காரு, இவ பாக்கா. எனக்குத் தெரிஞ்சு போச்சு. மறந்துட்டா. கல்யாண வீட்டுல முழிச்ச அதே முழிதான் எனக்குத் தெரிஞ்சுது. இன்னும் கொஞ்சம் விட்டா எவளாவது, இது பேசாதோன்னு கேட்டிருவா. எனக்குக் கால் தானா எந்திரிச்சிட்டு. ஐயா, அவளுக்குத் தண்ணி வேணும்யா, ஆறு மாசமா தெருவுல ஒரு சொட்டு வரல, பிள்ளை கூச்சப்படுதா, நீங்க அவளை வெரட்டாதியன்னு சத்தம் போட்டேன். எங்க வீட்டுக்காரவ என் சேலையைப் பிடிச்சு இழுக்காவ. நான் ஒக்காரல. தண்ணி வண்டிக்காரன் குடத்துக்கு எவ்வளவு வாங்குதான்னும் சேத்துச் சொன்னேன்.

மண்டபமே என்னையப் பாக்கு. மேடையில கலெக்டரு மீசை தொங்கிப் போயி நிக்கா. முத்தரசி பைய திரும்பி என்னையப் பாத்தா. குடத்தைக் கீழ வச்சா. அம்மா, அவரு என்னைத்தான் கேக்காரு, நீ உக்காருன்னா.

சத்தமே போடல அண்ணாச்சி. அந்தக் கடைசி வரைக்கும் கேட்டுச்சு. நான் உக்காந்துட்டேன். எங்க அம்மா சொல்லிக்கூட நான் அப்படி உக்காந்தது கெடையாது. அதுக்குப் பொறவு கலெக்டரைப் பாத்துப் பேச ஆரம்பிச்சா பாருங்க. எனக்குத் தண்ணி வேணும், ஆனா அதுக்கு முன்னாடி நான் சொல்லுதத நீங்க முழுசா கேக்கணும்னு ஆரம்பிச்சு, நிறுத்தாம பேசுதா. இவ்வளவு பேச்சும் அவ வயித்துக்குள்ள எங்கன கெடந்துச்சுன்னு எனக்கு வெளங்கல. முடிச்சப்ப பிள்ளையளெல்லாம் எந்திரிச்சு நின்னு கையைத் தட்டுதாவ. நானும் எந்திரிச்சு எல்லாருக்கும் கும்பிடு போட்டேன். நாந்தானே எடுத்துக் குடுத்தது.

அதோட முடிஞ்சிருந்தா பரவாயில்ல. வேற காலேஜ் வாத்தியாரு ஒருத்தரு நேரா நடுவருக மேசைக்குப் போயிட்டாரு. வெளியாளை நடிக்க வச்சிருக்காங்க, சபையில ஆளை உக்கார வச்சு ஏமாத்தியிருக்காங்க, இந்த நாடகத்தைத் தள்ளணும்ங்காரு. நடுவருகளும் நான் நடிக்க வந்த ஆளுன்னே நினைச்சிட்டாவ போல. இப்பமெல்லாம் அப்படி ஒரு மோஸ்தரு இருக்காமே, கூட்டத்துக்குள்ள இருந்து ஒரு ஆளு எந்திரிச்சு நடிக்கது. நம்ம பிள்ளைகளுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. உவரிப் பிள்ளை அங்கனயே உக்காந்து அழுதா. ஒரு மாசம் நாயா பேயா ஒழைச்சிருக்காளுவ. நான் போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாறேன்னு எந்திரிச்சேன். ஜெபமலர் மிஸ்ஸு என் கையைப் பிடிச்ச பிடி இன்னும் வலிக்கு. நீங்க மட்டும் வேண்டாம்மான்னாவ.

முத்தரசிதான் போனா. ஒத்தையில. யாரும் அனுப்பல. வேஷத்தைக் கூட கலைக்கல. நான் காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன். சார், எங்க அம்மா நடிக்கல, எங்க அம்மா எப்பவுமே இப்படித்தான்னா. சின்ன வயசுல இருந்து என்னை யாரு என்ன கேட்டாலும் எங்க அம்மாதான் பதில் சொல்லுவாங்க, இன்னைக்கி நாடகம்னு மறந்துட்டாங்க, அவங்களை உக்காரச் சொன்னது எழுதி வச்ச வசனம் இல்ல சார், அது நானே சொன்னது, என் வாழ்க்கையிலயே மொத தடவை சொன்னது, அதுக்காக இந்தப் பிள்ளைக ஒழைப்பைத் தள்ளாதீங்கன்னா. அந்த வாத்தியாரு என்னமோ குறுக்க பேச வந்தாரு. நான் முடிச்சிருதேன் சார்னு அவரையும் நிறுத்திட்டா.

எனக்கு ஒரே பெருமை. பாத்தியளா, எங்க அம்மா எப்பவுமே இப்படித்தான்னு சபையில சொன்னா. பிள்ளைய பெத்தா அப்படிப் பெறணும். எங்க வீட்டுக்காரவ மட்டும் துண்டை வாயில வச்சுக்கிட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்காவ. கல்யாணமான நாள்ல இருந்து அவுக அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. என்னத்துக்குச் சிரிச்சியன்னு கேட்டா இன்னைக்கி வரைக்கும் சொல்ல மாட்டேங்காவ.

நாடகத்தைத் தள்ளல. ரெண்டாம் பரிசு. பொறவு நடுவரு ஒரு அம்மா மைக்குல வந்து, இந்த வருசம் புதுசா ஒரு சிறப்புப் பரிசு, மூணாவது வரிசையில இருந்து எந்திரிச்ச முத்தரசியோட தாயாருக்குன்னாவ. மண்டபம் இடிஞ்சு விழுந்துரும் போல கைதட்டு. இந்தா பையிலதான் வச்சிருக்கேன், பாருங்க. கையில வாங்கிப் பாருங்க, கடிக்காது. சும்மா தகரம்தான், மேல முலாம் பூசியிருக்கான், நம்ம கடையில இதை நான் உள்ள விட மாட்டேன். ஆனா மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லா. அடியில பேனாவுல தாயாருன்னு மட்டும் எழுதியிருந்துச்சு, எங்க வீட்டுக்காரவதான் செல்வவடிவுன்னு பேரை வெட்டிக் குடுத்தாவ. மேடையில ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாவ. பேசுனேன். பேசிக்கிட்டு இருக்கும்போதே கரண்டு போயிருச்சு போல, மைக்கு செத்துட்டு. ஃபேனு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நமக்கு எதுக்கு மைக்கு, அது இல்லாமயே பேசி முடிச்சேன்.

அதனாலதான் இப்பம் கடைக்கு வாற எல்லாத்துகிட்டயும் சொல்லுதேன், காலேஜ்ல பிள்ளைக படிச்சா நாடகத்துல சேத்து விடுங்கன்னு. என்னையவே பாருங்க, ஒரு நாளு போயி உக்காந்ததுக்கே கப்பு. ரெண்டு குடம் ஒடுங்கி வந்துச்சு, அண்டாவுல ஒரு காது போச்சு, நான் ஒண்ணும் கேக்கல.

ஆனா ஒரு சங்கடம் இருக்கு அண்ணாச்சி, ஒங்ககிட்ட சொன்னா என்ன. அன்னையில இருந்து அவ எல்லாத்தையும் அவளே பேசுதா. பஸ்ல சில்லறை தராத கண்டக்டருகிட்ட கேக்கா. டாக்டருகிட்ட, நான் வாயைத் தொறக்க முன்னாடியே, எனக்கு ரெண்டு நாளா காது வலின்னு சொல்லுதா. போன வாரம் பால் கடையில, எனக்கு பாதாம்பாலு பிடிக்காதும்மா, எப்பமுமே பிடிக்காதுங்கா. பதினஞ்சு வருசமா வாங்கிக் குடுத்திருக்கேன், ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டா. பிடிக்காதாம். எனக்குச் சிரிக்கதா அழுவதான்னு தெரியல. நல்லதுதான், நல்லதுதான், ஆனா வீட்டுல எனக்கு வேலை கொறஞ்ச மாதிரி இருக்கு. சில நேரம் வாய்க்குள்ள பதிலை வச்சுக்கிட்டு நிக்கேன், கேக்க ஆளு இல்ல.

இன்னைக்கி காலையில கூட, அம்மா நீ வா, ஆனா உள்ள வராத, கதவுகிட்டயும் நிக்காதன்னுட்டா. சரின்னேன். இந்தா உக்காந்திருக்கேன்லா. ஆனா கண்ணு அந்தக் கதவு மேலயேதான் இருக்கு. அந்த வேலை அவளுக்கு வேணும். எங்ககிட்ட கேட்டுக் கூட வரல, அவளே பாத்து, அவளே எழுதிப் போட்டா. இது கெடக்கலன்னா திரும்பவும் பழைய மாதிரி வாயை மூடிருவாளோன்னு எனக்குப் பயமா இருக்கு. நாலு வயசு வரைக்கும் காத்திருந்தவ நான். இன்னொரு தடவை என்னால காத்திருக்க முடியாது.

இருங்க. கதவைத் தொறக்காவ. என்ன சொல்லுதாரு அந்த ஆளு? முத்தரசி வீட்டுல இருந்து வந்தவுகளா? நாந்தான், நாந்தான். உள்ள வரச் சொல்லுதாவளா? என்னையவா? அண்ணாச்சி, இந்தப் பையைப் பாத்துக்கோங்க. கப்பு உள்ள இருக்கு.

போயிட்டு வந்துட்டேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அந்தத் தண்ணியக் குடுங்க.

ஒண்ணும் தப்பா இல்ல. மூணு பேரு உக்காந்திருக்காவ. நடுவுல இருக்க அம்மா, ஒங்க பொண்ணு ரொம்ப நல்லா பேசுதான்னாவ. என் முன்னாடியே சொன்னாவ. பொறவு, மாசத்துல பத்து நாளு ராத்திரி டூட்டி வரும், சேந்த பொறவு அப்பா விட மாட்டாரு, அம்மா விட மாட்டாங்கன்னு பாதியில நிக்குதாங்க, அதனால வீட்டுல இருந்து யாரு வந்திருந்தாலும் கேட்டுருதோம், நீங்க என்ன சொல்லுதீங்கன்னாவ.

எனக்கு ராத்திரி டூட்டியில இஷ்டம் இல்ல அண்ணாச்சி. இப்பமும் இல்ல. அதெல்லாம் சரிப்படாது மேடம், பகல் டூட்டியா போட்டுக் குடுங்க, நாங்க பாத்திரக்கடை வச்சிருக்கோம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. முத்தரசி நாற்காலியில உக்காந்து என்னையவே பாக்கா. பேசல. கைய ஆட்டல, கண்ணைக் காட்டல, ஒண்ணும் செய்யல. அன்னைக்கி மேடையில நின்ன மாதிரியே இருந்தா. ஆனா இந்தத் தடவை, இவ மறக்கல, காத்துக்கிட்டு இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சுது. அப்பம் அன்னைக்கும் மறக்கலயோன்னு ஒரு நெனப்பு ஓடிச்சு. சேச்சே, அன்னைக்கி மறந்துதான் போயிருப்பா.

மேடம், வேலை பாக்கப் போறது அவ, அவளைக் கேளுங்கன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். என் வாயில இருந்து வந்ததுலயே ரொம்பச் சின்ன பதிலு அதுதான். சொல்லிட்டு அங்கன நிக்கல, நின்னா மிச்சத்தையும் சொல்லிருவேன். வெளிய வந்து கதவை நானே இழுத்துச் சாத்திட்டேன். இழுத்துச் சாத்தும்போது அவ பேச ஆரம்பிச்சுட்டா. என்ன சொன்னான்னு தெரியாது. சரின்னு சொன்னாளோ, முடியாதுன்னு சொன்னாளோ, சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. கண்ணைத் தொடைக்கல அண்ணாச்சி, வேர்வை.

எந்திரிங்க, எதுக்க இருக்க கடையில ஒரு டீ குடிச்சிட்டு வருவோம். இங்கனயே உக்காந்திருந்தா நான் போயி கதவைத் தட்டிருவேன்.